மன்னாரிலிருந்து கலைக்கூடம் எவ்வளவு தூரம்?

பள்ளிக்கூடத்தில் நாங்கள் போன சுற்றுலாக்களை ஒருநாள் கன்ரீனில் இருந்து எண்ணிப் பார்த்தோம். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை, காலிமுகத்திடல், அநுராதபுரம், கண்டி. எங்களில் மூன்று பேர் மன்னார் தீவில் படித்தவர்கள். மற்றவர்கள் யாழ்ப்பாணம், வவுனியா. ஒருத்தருக்கும் ஓர் ஓவியக் காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போன ஞாபகம் இல்லை. சாதாரண தரத்துக்குச் சித்திரம் எடுத்தவர்கள்கூட அசல் ஓவியம் ஒன்றின் முன்னால் நின்றதில்லை. புத்தகத்தில் தீப்பெட்டி அளவில் இருந்த படங்களைப் பார்த்து, "இது ஜோர்ஜ் கீற், இது 43 குழு" எண்டு பாடமாக்கினதுதான்.

பிறகு கொழும்புக்கு வேறு அலுவலாகப் போனபோது நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனோம். 2019 டிசம்பரில் தொடங்கப்பட்ட இடம் அது. முதல் காட்சிக்கு, சேரனின் கவிதை ஒன்றிலிருந்து எடுத்து, 'ஒரு நூறாயிரம் சிறு கதைகள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயர் வைத்தார்கள். நுழைவு இலவசம். விளக்கங்கள் மூன்று மொழியிலும் உண்டு. நாங்கள் போன அன்று ஒரு பாடசாலைப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். வழிகாட்டிய அக்கா எதையும் விளக்கத் தொடங்கவில்லை. "என்ன தெரியுது?" எண்டு கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றா. ஒரு சின்னப் பெடியன் "கோபம் தெரியுது" எண்டான். "எந்த இடத்தில?" எண்டு அடுத்த கேள்வி. அவன் கிட்டப் போய்த் தேடினான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்களுக்குள் பொறாமைதான் கதையாக இருந்தது. ஆனால் வாசிக்க வாசிக்க ஒன்று விளங்கியது. இந்த மாதிரிக் கேள்வி எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. வடக்கில் கலைக்கூடம் வருவதற்கு வெகுகாலம் முதலே பட்டறை வந்துவிட்டது.

1920களில் இலங்கையின் தலைமைச் சித்திர வித்தியாதரிசியாக இருந்தவர் சி. எஃப். வின்சர் என்ற ஆங்கிலேய ஓவியர். ஜோர்ஜ் கீற்றை ஊக்கப்படுத்தியவர்களில் அவரும் ஒருவர். அவருடைய பெயரிலேயே 1938இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகம் தொடங்கியது. தொடங்கியவர் எஸ். ஆர். கனகசபை. அவரும் சித்திர வித்தியாதரிசி, அதாவது பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போகிற உத்தியோகம். சித்திர ஆசிரியர்கள் ஒன்றுகூடி வரைந்தார்கள், காட்சி வைத்தார்கள். கொழும்பில் 43 குழு உருவாவதற்கு ஐந்து வருடம் முந்திய கதை இது. பிறகு வந்த ஒரு கழகத்தின் பெயரே விடுமுறைக்கால ஓவியர் கழகம். பள்ளிக்கூட லீவில் ரீச்சர்மார் கூடி வரைகிற கழகம். எங்களுடைய நவீன ஓவிய வரலாற்றின் பெரும்பகுதி ஆசிரியர்களின் லீவு நாட்களில் நடந்திருக்கிறது.

அந்த வழியில் வந்தவர்தான் ஓவியர் அ. மாற்கு. 1933இல் குருநகரில் பிறந்தவர், சித்திர ஆசிரியர், எல்லாருக்கும் 'மாற்கு மாஸ்டர்'. வாசுகி, அருந்ததி போன்ற ஓவியர்கள் அவரிடம் படித்தவர்கள். 1995 இடப்பெயர்வோடு அவரும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டார். பல ஓவியங்கள் அழிந்தும் தொலைந்தும் போயின. கடைசியில் மன்னாருக்கு வந்து சேர்ந்தவர், 2000இல் இங்கேயே காலமானார்.

மன்னார்ப் பிள்ளைகளான எங்களுக்கு இது பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் தெரியும். நவீன ஓவியத்தின் முக்கியமான ஒரு மனிதர் எங்கள் ஊரில் வாழ்ந்து முடிந்திருக்கிறார். நாங்கள் அந்த ஊரில் இருந்தே தீப்பெட்டிப் படங்களைப் பாடமாக்கிக் கொண்டிருந்திருக்கிறோம்.

"தண்ணி இல்லை, மீன்பிடியே பிரச்சினை, இதுக்குள்ள கலைக்கூடமோ?" எண்டு வீட்டில் கேட்டார்கள். ஞாயமான கேள்வி. ஆனால் எல்லாம் சரிவந்த பிறகுதான் கலை எண்டால், மாற்கு மாஸ்டர் தூரிகையைத் தொட்டே இருக்க முடியாது.

மன்னாரிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். போருக்குள் அழிந்த தலைமன்னார் றெயில் பாதை 2015இல்தான் திரும்ப முழுசாக வந்தது. ஒரு வகுப்பைக் கொண்டுபோவது எண்டால் வலயத்தின் அனுமதி, பெற்றோரின் சம்மதக் கடிதம், பஸ் கூலி, இரவு தங்க இடம், கூட வர ரீச்சர்மார். காட்சியில் நிற்பது இரண்டு மணித்தியாலம், பயணம் இரண்டு நாள். கொழும்புப் பிள்ளைக்கு நுழைவு இலவசம் எண்டால் உண்மையிலேயே இலவசம். எங்கட பிள்ளைக்கு வாசல் மட்டும்தான் இலவசம்.

அதனால் எங்கள் கோரிக்கை, பட்டறை தீவுக்கு வரட்டும் என்பது. பெரிய கட்டடம் தேவையில்லை. த. சனாதனனின் 'முழுமையடையாத தோம்பு' என்ற நூலை எடுத்துப் பாருங்கள். 2011இல் வெளிவந்தது. போரில் வீட்டை இழந்த தமிழரும் முஸ்லிம்களும் ஞாபகத்திலிருந்து தங்கள் வீட்டின் தரைப்படத்தைக் கீறிக் கொடுத்தார்கள். அப்படி 80 வீடுகள். அதை ஒரு கட்டடக் கலைஞர் அளவுப்படமாக்க, சனாதனன் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓவியம் வரைந்தார். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் காணிகளை எழுதிவைத்த பதிவேட்டுக்குப் பெயர் தோம்பு. அந்தப் பெயரை எடுத்து, பதிவேட்டில் இல்லாத வீடுகளைப் பதிந்திருக்கிறார்.

இதை மன்னார் வகுப்பறை ஒன்றில் யோசித்துப் பாருங்கள். ஒரு பென்சில், ஒரு கொப்பித்தாள், "அம்மம்மாவின் வீட்டைக் கீறுங்கோ" என்ற ஒரு வசனம். 1990 ஒக்டோபரில் தீவைவிட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளையும், வன்னியெல்லாம் அலைந்து வந்த குடும்பத்துப் பிள்ளையும், இந்தியாவுக்கு வள்ளம் ஏறித் திரும்பிய குடும்பத்துப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கிற ஊர் இது. மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால், எங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் இல்லாத பாடம் அந்தச் சுவரில் இருக்கும்.

பார்க்கத் தெரியாத சனமும் இல்லை நாங்கள். பேசாலையில் ஆளளவு உருவங்களை வைத்து நடத்தும் உடக்குப் பாஸைப் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். மரத்தில் செய்த முகத்தில் வேதனையைக் கண்டு அழத் தெரிந்த ஊருக்குக் கலை விளங்காது எண்டு யார் சொல்வது?

வருகிற லீவில் நாங்கள் ஐந்து பேர் ஒரு பள்ளிக்கூடத்தில் இதைச் செய்துபார்க்கப் போகிறோம். அதிபருக்குக் கடிதம் கொடுத்தாச்சு. மாற்கு மாஸ்டரின் ஓவியங்களின் பிரதிகளைத் தீப்பெட்டி அளவில் இல்லாமல் பெரிதாக அச்சடிக்கக் காசு சேர்க்கிறோம். பிள்ளைகளிடம் முதலில் கேட்கப்போகிற கேள்வி, அந்த அக்காவிடம் கேட்டுப் படித்ததுதான்: "என்ன தெரியுது?"