கழுதை இனப்பெருக்கம்

கழுதை (ஈக்வஸ் அசினஸ்) குதிரைக் குடும்பத்து விலங்கு. ஆப்பிரிக்கக் காட்டுக்கழுதையின் வழிவந்தது. உருவ ஒற்றுமையை நம்பிக் கழுதை இனப்பெருக்கத்துக்கும் குதிரைக் கணக்கையே போட்டுப் பார்க்கும் வழக்கம் வளர்ப்போரிடம் உண்டு. அந்தக் கணக்கு பல இடங்களில் பொய்க்கும். இணைசேரும் விதம், சினைக்காலம், செயற்கைக் கருவூட்டல் ஆகிய மூன்றிலும் கழுதை தனி ரகம்.

பெட்டைக் கழுதை ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் பருவத்துக்கு வரும். எலும்பும் உடலும் முற்ற மூன்று வயதாகும் என்பதால், அதற்கு முன் சினைப்படுத்துவது தாய்க்கும் குட்டிக்கும் நல்லதல்ல. சினைப்பருவச் சுழற்சி ஏறத்தாழ 23 அல்லது 24 நாள். அதில் 6 முதல் 9 நாள் வரை பெட்டை ஆணை ஏற்கும். அந்த நாட்களின் கடைசிப் பகுதியில்தான் சினைமுட்டை வெளிப்படும். குளிர்நாடுகளில் பெரும்பாலான பெண் குதிரைகளுக்குக் குளிர்காலத்தில் சுழற்சி நின்றுவிடும். கழுதைக்கு அந்தக் கட்டுப்பாடு குறைவு. வெப்ப நாடுகளில் ஆண்டு முழுவதும் பருவம் வரும்.

பருவம் வந்த பெட்டையைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கழுத்தை முன்னே நீட்டி, காதுகளைப் பின்னே சாய்த்து, வாயைத் திறந்து திறந்து மூடி வெறுவாயை மெல்லும், எச்சில் ஒழுகும். வாலைத் தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடும். குதிரைகளில் இந்த வாயசைப்பு பெரும்பாலும் குட்டிகள் மூத்தவற்றின் முன் பணிந்து காட்டும் செய்கை. பருவத்திலுள்ள பெட்டைக் கழுதைகள் கூட்டமாகச் சேர்ந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும் உண்டு. மாடு வளர்ப்போருக்கு இது பழகிய காட்சி. குதிரை வளர்ப்போருக்குப் புதிது.

ஆண் கழுதையின் நடத்தைதான் புதியவர்களை அதிகம் குழப்புவது. வறண்ட நிலங்களில் சுதந்திரமாகத் திரியும் ஆண் கழுதை, பொலிகுதிரையைப் போல நிலையான பெண் கூட்டத்தை வைத்துக் காப்பதில்லை. ஓர் எல்லையைத் தனதாக்கிக்கொண்டு, அதற்குள் வரும் பெட்டைகளோடு சேரும். பெட்டையை நெருங்கியதும் உரக்கக் கத்தும், முகரும், செல்லமாகக் கடிக்கும், பெட்டையின் சிறுநீரை மோந்து மேலுதட்டைச் சுருட்டி நிற்கும். குறி விறைக்காமலேயே ஓரிரு முறை ஏறி இறங்கும். பிறகு, ஆர்வமே இல்லாததுபோல் சற்றுத் தள்ளிப்போய் வேறு பக்கம் பார்த்து நிற்கும். அப்படி விலகி நிற்கும்போதுதான் விறைப்பு உண்டாகிறது. திரும்பி வந்து ஏறினால் ஒரு நிமிடத்துக்குள் காரியம் முடிந்துவிடும். இதற்கெல்லாம் கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். பொறுமை இல்லாதவர் இடையிலேயே கயிற்றை இழுத்துக்கொண்டுபோய், மலட்டு விலங்கு என்று தள்ளிவிடுவார். உண்மையில் ஆண் கழுதையின் விரைகள் உடலளவுக்கு மிகப் பெரியவை. விந்தணுச் செறிவும் குதிரையைவிடக் கூடுதல்.

ஆனால் அந்த விந்தை உறையவைத்துப் பயன்படுத்தினால் நிலைமை தலைகீழ். உறைவிந்து பெண் குதிரையில் ஓரளவு நன்றாகவே சினைபிடிக்கும். பெட்டைக் கழுதையில் மிகக் குறைவாகவே பிடிக்கும். கருவூட்டலுக்குப் பின் கருப்பையில் ஏற்படும் அழற்சி இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. நீண்டு ஒடுங்கிய கருப்பைக் கழுத்து மருத்துவரின் வேலையையும் கடினமாக்குகிறது.

சினைக்காலம் சராசரியாக 12 மாதம். 11 முதல் 14 மாதம் வரை கூடக் குறைய இருக்கும். குதிரைக்கு 11 மாதமே. இரட்டைச் சினைமுட்டை வெளிப்படுவது கழுதையில் அரிதல்ல, ஆனால் இரட்டைக் குட்டிகள் உயிரோடு பிறப்பது அரிது. ஈனும் நாள் நெருங்கும்போது மடி இறங்கும். காம்பின் நுனியில் மெழுகுபோல் சீம்பால் திரளும். பெரும்பாலும் இரவில்தான் ஈனும். பனிக்குடம் உடைந்த அரை மணி நேரத்துக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். தாமதித்தால் கால்நடை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குட்டிக்குப் போவதில்லை. ஆகவே முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடிப்பது கட்டாயம்.

ஈன்ற ஒரு வாரம் பத்து நாளிலேயே பெட்டைக்கு மீண்டும் பருவம் வரும். அப்போது சினைபிடிக்கும் வாய்ப்பு குறைவு. பன்னிரண்டு மாதச் சினையையும் இந்தத் தாமதத்தையும் கூட்டினால் ஆண்டுக்கொரு குட்டி என்பது எட்டாத கணக்கு.

கலப்பினம்

ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. கழுதைக்கு 62 குரோமோசோம், குதிரைக்கு 64. கோவேறு கழுதைக்கு 63. அவை சரியாக இணைசேர முடியாததால் இனச்செல்கள் உருவாவது தடைப்பட்டு, கோவேறு கழுதை மலடாகிறது. பெண் கோவேறு கழுதை குட்டி ஈன்றதாக மிகச்சில நிகழ்வுகளே உறுதியாகியுள்ளன. பொலிகுதிரையும் பெட்டைக் கழுதையும் சேர்ந்தால் சினைபிடிப்பது இன்னும் குறைவு. சில கோவேறு குட்டிகளுக்குத் தாயின் சீம்பாலே ஆபத்தாகும்; அதிலுள்ள எதிர்ப்புப் பொருள்கள் குட்டியின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மலட்டு விலங்கைப் பெருக்க வேறு வழி குளோனிங்தான்: 2003ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் ஐடஹோவில் ‘ஐடஹோ ஜெம்’ என்ற முதல் குளோன் கோவேறு கழுதை பிறந்தது.

பிரான்சின் புவாத்து கழுதை இனம் கோவேறு கழுதை உற்பத்திக்கென்றே வளர்க்கப்பட்டது. டிராக்டர் வந்ததும் தேவை ஒழிந்து, 1977 கணக்கெடுப்பில் 44 விலங்குகளே மிஞ்சின. பிறகு அவ்வினத்தை மீட்கப் பல ஆண்டு முயற்சி தேவைப்பட்டது.

எண்ணிக்கைச் சரிவு

கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் ‘எஜியாவ்’ என்ற சீன மருந்துக்காக உலகெங்கும் கழுதைகள் வெட்டப்படுகின்றன. சீனாவில் 1990களின் தொடக்கத்தில் ஒரு கோடிக்கும் மேல் இருந்தவை இன்று இருபது லட்சத்துக்கும் கீழே குறைந்துவிட்டன. கோழி, பன்றியைப்போல் பண்ணை வைத்து ஈடுசெய்ய இந்த விலங்கின் மெதுவான இனப்பெருக்கம் இடம் கொடுக்கவில்லை. 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் தோலுக்காகக் கழுதைகளை வெட்டுவதற்குத் தடை விதிக்க முடிவு செய்தது. இந்தியாவின் கால்நடைக் கணக்கெடுப்பில் 2012இல் 3.2 லட்சமாக இருந்த கழுதைகள் 2019இல் 1.2 லட்சமாகக் குறைந்திருந்தன.