ஆறெழுத்து முகவரி

2018-க்குப் பிறகு அச்சான தமிழ்நாட்டுப் பாடநூல் ஒன்றை எடுத்து ஏதாவது ஒரு பாடத்தைத் திறந்து பாருங்கள். கறுப்பு வெள்ளைச் சதுரம் ஒன்று இருக்கும். க்யூஆர் கோடு. போனில் தீக்‌ஷா செயலியைத் திறந்து அதைக் காட்டினால் பாடத்துக்கான காணொளியோ பயிற்சியோ வரும். கேமரா மங்கலாகிப்போன போன் என்றால், அந்தக் கோடுக்குரிய ஆறெழுத்தைத் தட்டினாலும் போதும், அதே பாடம் திறக்கும்.

என்னைப் போல சாஃப்ட்வேரில் பிழைப்பவர்களுக்கு இந்த ஆறெழுத்துதான் சுவாரஸ்யம். சதுரத்துக்குள் காணொளி எதுவும் ஒளிந்திருக்கவில்லை. அது வெறும் முகவரி. அந்த முகவரியில் யார் குடியிருக்கிறார்கள் என்பது எங்கோ ஒரு சர்வரில் எழுதப்பட்டிருக்கிறது. புத்தகத்தை மறுபடி அச்சடிக்காமலே ஆளை மாற்றலாம். ஒருவர் இருக்கும் வீட்டில் நாலு பேரைக்கூட வைக்கலாம். அப்படியென்றால் பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு ஆசிரியை தன் வகுப்புக்காகச் செய்த பாடம் அங்கே போய் உட்கார முடியுமா?

இந்தக் கேள்விக்கு இருபது வருட முன்கதை இருக்கிறது. அதில் ஒரே மனிதர் திரும்பத் திரும்ப வருகிறார். மு. ஆனந்தகிருஷ்ணன். 1928-இல் வாணியம்பாடியில் பிறந்தவர், கட்டடப் பொறியியல் படித்தவர், 1990 முதல் 1996 வரை அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். பொறியியல் சேர்க்கையின் ஒற்றைச் சாளர முறையோடு சேர்த்துப் பேசப்படும் பெயர். எங்கள் தலைமுறையில் கவுன்சிலிங் போனவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. அவர் போட்ட பாதையில்தான் நடந்தோம்.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர் அவர். அன்றைய சிக்கலை இன்று இருபது வயதில் இருப்பவருக்குப் புரியவைக்க ஒரு உதாரணம் சொல்கிறேன். பாமினி என்று ஒரு எழுத்துரு. அதில் ‘அம்மா’ என்று வரவேண்டுமானால் விசைப்பலகையில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று தட்ட வேண்டும். கணினிக்குள் சேமிக்கப்படுவதும் அந்த ஆங்கில எழுத்துகள்தான். பாமினி இல்லாத இன்னொரு கணினியில் அதே கோப்பைத் திறந்தால் அம்மா இருக்க மாட்டாள், எம்மும் கேயும் அரைப்புள்ளியும்தான் இருக்கும். ஆசிரியர் ராத்திரி உட்கார்ந்து அடித்த வினாத்தாள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் திறக்காது. பள்ளிக்கூடத்துக் கணினியின் தொடக்கமே ஆங்கிலத்தில்தான் இருந்தது. 1984-இல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்தவை பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கணினிகள்.

தமிழ்நெட் 99 மாநாட்டிலிருந்து தமிழ் 99 விசைப்பலகை வந்தது. அதில் ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ. நாலு தட்டு. ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். ஒரு பொறியாளனாக எனக்கு இதைவிட அழகான தமிழ் வடிவமைப்பு தெரியாது. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் பற்றிய அறிவிப்பும் அந்த மாநாட்டில்தான் வந்தது, 2001-இல் அது தொடங்கியது. ஆனால் விசைப்பலகைக்கு ஒரு தரம் வந்தாலும், உள்ளே சேமிக்கும் குறியீட்டுக் குழப்பம் உடனே தீரவில்லை. தமிழ்நாடு அரசு யுனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்க 2010 ஜூன் வரை ஆனது. நடுவில் இருந்த பத்து வருடங்களில்தான் ஆசிரியர்கள் பலர் தாங்களே கற்றுக்கொண்டு, பாடக்குறிப்புகளையும் வினாத்தாள்களையும் வலைப்பூக்களில் ஏற்ற ஆரம்பித்தார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. பயிற்சி வகுப்பும் இல்லை. அந்த உழைப்பு எந்த அரசு அறிக்கையிலும் ஒரு எண்ணாக வராது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்கு எண்ணிக்கை உண்டு, ஏனென்றால் பெட்டியை எண்ண முடியும்.

ஆனந்தகிருஷ்ணன் அடுத்து வருவது 2006-இல். தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு வேண்டுமா என்று பார்க்க அமைக்கப்பட்ட குழுவுக்கு அவர் தலைவர். வேண்டாம் என்றது குழு. சட்டம் வந்தது, 2007-இலிருந்து பிளஸ் டூ மதிப்பெண்தான் சேர்க்கைக்கு அடிப்படை. மருத்துவத்துக்கு உயிரியல் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு, மொத்தம் 200. சென்னைக்கோ திருச்சிக்கோ போய் கோச்சிங் எடுக்க முடியாத ஊர்களுக்கு இது என்ன மாற்றம் என்று வெளியாட்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். பெரம்பலூரில் மாவட்ட நிர்வாகமே அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து ‘சூப்பர் 30’ என்று வகுப்பு நடத்தியது. பாடநூலை நன்றாகப் படித்தால் டாக்டர் ஆகலாம் என்பது அங்கே வெறும் பேச்சாக இல்லாமல் இருந்த காலம் அது.

அரியலூர் மாவட்டம், செந்துறைக்குப் பக்கத்தில் குழுமூர். சுமைத் தொழிலாளியின் மகள் அனிதா 2017 பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தார். 200-க்கு 196.75 கட் ஆஃப். அந்த 196.75 ஆனந்தகிருஷ்ணன் குழு பரிந்துரைத்த ஏற்பாட்டின் எண். அதே வருடம் நீட் தமிழ்நாட்டுக்கு வந்தது, அந்த எண் செல்லாமல் போனது. நீட்டில் அவருக்கு 720-க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை போனார். செப்டம்பர் 1 அன்று உயிரை விட்டார். அவர் படித்த புத்தகத்தில் இல்லாததைக் கேட்டு, அவர் படித்ததைக் கணக்கில் எடுக்காத தேர்வு அது. இதில் நான் நடுநிலை வகிக்கப் போவதில்லை.

அந்த 2017-இலேயே தமிழ்நாடு தன் பாடத்திட்டத்தைத் திருத்தி எழுத ஒரு உயர்நிலைக் குழுவை அமைத்திருந்தது. தலைவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வயது எண்பத்தொன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. 2018 ஜூனில் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதிய புத்தகம் வந்தது, சதுரங்களோடு. மற்ற வகுப்புகளுக்கு அடுத்த வருடம். நல்ல புத்தகங்கள். அச்சு, படங்கள், பாட ஆழம் எல்லாமே முன்பு இருந்ததைவிடப் பல படி மேல். காணொளிகளைச் செய்ததிலும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இருந்தார்கள். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. ஏழு மாதம் கழித்து கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடியபோது, கைவசம் ஏதோ இருந்தது என்பதே பெரிய விஷயம்.

ஆனாலும் ஒரு திசை மாறியிருந்தது. தமிழ் 99 ஆசிரியரை எழுத வைக்கிற கருவி. க்யூஆர் கோடு அவரைக் காட்ட வைக்கிற கருவி. மேலே தயாராவது கீழே வரும். கீழே இருப்பது மேலே போக வழி குறுகல்.

இது பெரம்பலூரில் ஏன் உறுத்துகிறது என்றால், காரை என்று ஒரு ஊர் இருக்கிறது. அதன் பக்கத்துச் செம்மண் மேடுபள்ளங்களில் நடந்தால் காலடியில் கிடப்பவை கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள். சுருள் சுருளாக அம்மோனைட்டுகள். பத்துக் கோடி வருடங்களுக்கு முன் இங்கே கடல். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் உலகுக்குச் சொன்ன கல்மரம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை வரைபடமாக்கினார், ஸ்டோலிச்கா புதைபடிவங்களை விவரித்து எழுதினார். அந்த அடுக்குகளுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்தான். உலகத்தில் எந்த மூலையில் கிரெட்டேசியஸ் படிப்பவனுக்கும் அரியலூர் தெரிந்திருக்கும். அதே சுண்ணாம்புக் கல்லைத்தான் சிமென்ட் லாரிகள் பள்ளிக்கூட வாசல் வழியாக ஏற்றிக்கொண்டு போகின்றன.

பாறைகள் பற்றிய பாடமும் புதைபடிவங்கள் பற்றிய பாடமும் புத்தகத்தில் இருக்கின்றன. சதுரத்தைக் காட்டினால் வருவது கோயம்புத்தூருக்கும் கன்னியாகுமரிக்கும் பொதுவான ஒரு காணொளி. குன்னம் தாலுகா ஆசிரியை ஒருவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காரைக்குப் போய் போனில் ஐந்து நிமிடம் படம் பிடித்தால் அது அவருடைய வாட்ஸ்அப் குழுவில் இருக்கும். போனில் இடம் போதாமல் போகிற அன்றைக்கு அழிந்துபோகும். (1995 வரை திருச்சி, பிறகு பெரம்பலூர், 2001-இல் அரியலூர், 2002-இல் மறுபடி பெரம்பலூர், 2007-இல் மறுபடி அரியலூர் என்று செந்துறைப் பக்கத்துக்காரர்களின் மாவட்ட முகவரியே இத்தனை தரம் மாறியிருக்கிறது. ஆறெழுத்து முகவரிக்கு மட்டும் என்ன அவசரம்.)

தொழில்நுட்பம் தடுக்கவில்லை. அதே கோடு, அதே அச்சு. சர்வரில் இருக்கும் அட்டவணையில் ஒரு முகவரிக்கு எதிரே இன்னொரு வரி சேர்க்க வேண்டும், மாவட்டம் என்று ஒரு பத்தி சேர்க்க வேண்டும். காரையில் ஸ்கேன் செய்தால் பொதுக் காணொளிக்குக் கீழே காரைக் காணொளியும் வரும். புரோகிராம் எழுத எவ்வளவு நாள் ஆகும் என்று என்னைக் கேட்டால் ஒரு வாரம் என்பேன், டெஸ்டிங்கோடு சேர்த்து. பாடத்தில் தப்பு இருந்தால் யார் பொறுப்பு, யார் சரிபார்ப்பது என்று அடுத்து கேட்பார்கள். நியாயமான கேள்வி. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களின் வேலையே அந்த மாதிரியானதுதான்.

ஆனந்தகிருஷ்ணன் 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் காலமானார். பள்ளிக்கூடங்கள் அப்போது பூட்டியிருந்தன. அவர் குழு போட்ட பாடங்கள் கல்வித் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தன.