தாமஸ் குக்கின் வீழ்ச்சி: சுற்றுலா நிறுவனத்துக்குள் இருந்த வங்கி

தாமஸ் குக் நிறுவனம் 2019 செப்டம்பர் 23 அதிகாலையில் கட்டாயக் கலைப்புக்கு உள்ளானபோது, அதை நம்பிப் பயணம் புறப்பட்டவர்களில் ஏறத்தாழ 6 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருந்தார்கள். அவர்களில் பிரித்தானியர் மட்டும் ஒன்றரை லட்சம் பேர். காரணங்கள் உடனே வரிசைகட்டின: இணையத்தில் தானே அறையும் விமானமும் பிடித்துக்கொள்ளும் தலைமுறை, பிரெக்சிட் குழப்பம், 2018 கோடையின் கடும் வெயிலில் உள்ளூரிலேயே தங்கிவிட்ட ஐரோப்பியர். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் இவை எல்லாமே அந்த நிறுவனத்தைச் சரக்கு விற்காமல் நொடித்துப்போன கடையாகவே பார்க்கின்றன. பிறர் பணத்தை முன்கூட்டி வாங்கி வைத்துக்கொண்டு, கொடுக்க வேண்டியதைப் பின்னால் கொடுப்பதே அதன் தொழிலின் உள்ளியல்பு. அந்த வகையில் அது ஒரு வங்கி, அது விழுந்ததும் வங்கி விழும் விதத்தில்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த இயல்பு தொடக்கத்திலிருந்தே இருந்தது. 1841 ஜூலை 5 அன்று மதுவிலக்குக் கூட்டத்துக்காக லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஏறத்தாழ 500 பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் தாமஸ் குக் ரயிலில் அழைத்துச் சென்ற கதை பலமுறை சொல்லப்பட்டது. அதில் சமூகச் சீர்திருத்தத்தைப் பார்ப்பதே வழக்கம். வணிக வரலாற்றாளர் கவனிக்க வேண்டியது வேறொன்று. ரயில் குக்குடையது அல்ல. தனக்கு உடைமையில்லாத இருக்கைகளை மொத்தமாகப் பேசி முடித்துச் சில்லறையாகப் பிரித்துக் கொடுத்தார், அவ்வளவுதான். 1868இல் அவர் கொண்டுவந்த விடுதிச் சீட்டுகள் இதை இன்னும் தெளிவாக்குகின்றன. பயணி லண்டனில் குக்கிடம் பணம் கட்டிச் சீட்டு வாங்குவார். சுவிட்சர்லாந்து விடுதிக்காரர் அந்தச் சீட்டை ஏற்று அறை கொடுப்பார். பிறகு அதை அனுப்பிப் பணம் பெறுவார். இடைப்பட்ட காலத்தில் பணம் குக்கிடம் இருக்கும். 1874இல் நியூயார்க்கில் வெளியிட்ட சுற்றுக் கடனுறுதித் தாள், பிற்காலப் பயணிகள் காசோலையின் முன்னோடி. முன்பின் தெரியாத ஊரில் ஒரு தாளைக் காட்டினால் ரொக்கம் கிடைக்கும் என்றால், அங்கே விற்கப்பட்டது நம்பிக்கை. மகன் ஜான் மேசன் குக் காலத்தில் நைல் நதிப் படகுகளும் 1881இல் பம்பாய் அலுவலகமும் வந்தன. 1884இல் கார்ட்டூமில் முற்றுகைக்குள்ளான கார்டன் தளபதியை மீட்கச் சென்ற படையை ஏற்றிச் செல்லும் பணியைப் பிரித்தானிய அரசே அவரிடம் ஒப்படைத்தது.

குடும்பத்தின் கையை விட்டு 1928இல் நிறுவனம் பாரிஸிலிருந்து இயங்கிய வாகோன்லி ரயில் நிறுவனத்திடம் போனது. பாரிஸ் ஜெர்மானியர் வசமானபின் அதன் பிரித்தானியச் சொத்துகளை அரசு எடுத்துக்கொள்ள, 1942இல் நான்கு பெரிய ரயில் நிறுவனங்கள் அவற்றை வாங்கின; 1948இல் ரயில்வேயுடன் சேர்ந்து அதுவும் நாட்டுடைமையானது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விமானத்தில் கூட்டிப்போய், கடற்கரையில் தங்கவைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே விலை சொல்லும் இன்றைய பேக்கேஜ் சுற்றுலாவைப் பிரித்தானியாவில் பரப்பிய முன்னோடி தாமஸ் குக் அல்ல. 1950இல் கோர்சிகாவின் கால்வி கடற்கரைக்குப் பயணிகளை அனுப்பிய விளாதிமிர் ரைட்ஸின் ஹொரைசன் நிறுவனமே. பழம்பெயரின் ஒளியில் இந்த உண்மை எளிதில் மறைந்துவிடுகிறது. 1972இல் அரசு விற்றபோது வாங்கிய கூட்டமைப்பில் மிட்லண்ட் வங்கி இருந்தது. 1977இல் அந்த வங்கியே முழு உரிமையாளர் ஆனது. பயணிகள் காசோலை வணிகம் வைத்திருந்த நிறுவனத்தின் மீது ஒரு வங்கி கண்வைத்ததில் வியப்பில்லை. பின்னர் ஜெர்மன் உடைமையாளர்கள் வந்தார்கள். 2001இல் நிதிச் சேவைப் பிரிவு 44 கோடி பவுண்டுக்கு டிராவலெக்ஸிடம் போயிற்று. வங்கித் தொழில் அத்தோடு ஒழிந்தது என்று எண்ணியிருக்கலாம். சுற்றுலா விற்பனைக்குள்ளேயே ஒளிந்திருந்த வங்கி போகவில்லை.

அந்த வங்கி இயங்கும் விதம் எளியது. கோடைப் பயணத்துக்கான முன்பணம் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் வந்து சேரும். விடுதிக்காரருக்கோ விருந்தினர் தங்கிப் போன பல வாரங்களுக்குப் பின்பே பணம் போகும். கோடை முடிவில் கைநிறைய இருப்பது இலையுதிர் காலத்தில் வற்றிவிடும். கடனில்லாத நிறுவனம் இந்த வற்றலைத் தாங்கும். 2007இல் மைடிராவல் என்ற சுற்றுலா நிறுவனத்துடன் இணைந்து லண்டன் பங்குச் சந்தைக்கு வந்த தாமஸ் குக் குழுமத்துக்கு அந்த வசதி நிலைக்கவில்லை. 2011 நவம்பர் 22 அன்று வங்கிகளிடம் கூடுதல் பணம் கேட்கும் செய்தி வெளியானதும் பங்கு விலை ஒரே நாளில் ஏறத்தாழ முக்கால் பங்கு சரிந்தது. புதிய பங்குகளும் கடன்பத்திரங்களும் நிறுவனத்தைக் காப்பாற்றின. கடன் குறைந்ததே தவிரத் தீரவில்லை. 2019 மே மாத அரையாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 150 கோடி பவுண்டு நட்டம். அதில் 110 கோடி, மைடிராவலை வாங்கியதில் நற்பெயர் மதிப்பாக ஏட்டில் ஏறியிருந்த தொகையைக் கழித்தது. கையை விட்டு ரொக்கம் எதுவும் போகவில்லை, ஏட்டுக் கணக்குதானே என்று கணக்கர் சொல்லலாம். ஆனால் அடுத்த நாளே சிட்டி குழுமத்தின் ஆய்வாளர் பங்கின் மதிப்பைச் சுழியம் என்று மதிப்பிட்டார். நம்பிக்கையை விற்பவருக்கு இதைவிடக் கேடான செய்தி வேறு இல்லை. சீன ஃபோசுன் நிறுவனம் முன்னின்ற 90 கோடி பவுண்டு மீட்புத் திட்டம் கைகூடும் நேரத்தில், குளிர்கால வறட்சிக்கென மேலும் 20 கோடி வேண்டும் என்று வங்கிகள் கேட்டன. அது கிடைக்கவில்லை. கடைசித் தொகை, தொழிலின் பருவச் சுழற்சி உண்டாக்கிய பள்ளத்துக்கான தொகைதான்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரலாம். முதலாவது, இணையம்தான் கொன்றது என்பது. அப்படியானால் அதே சந்தையில், அதே வெயிலில், அதே பிரெக்சிட் நிழலில் பேக்கேஜ் விற்ற ஜெட்2 வளர்ந்தது எப்படி? விடுதிகளும் கப்பல்களும் சொந்தமாக வைத்திருந்த டூயி நின்றது எப்படி? பேக்கேஜ் சுற்றுலா சாகவில்லை. அதைக் கடன் சுமையோடு நடத்தும் முறைதான் செத்தது. இரண்டாவது மறுப்பு வலுவானது. 1973இல் வந்த அட்டோல் உரிம முறையும், 1974 ஆகஸ்டில் கோர்ட் லைன் நிறுவனம் நொடித்தபின் அமைந்த காப்பு நிதியும் பயணியின் பணத்தைக் காக்கின்றனவே. காப்பு இருக்கும்போது, எல்லோரும் ஒரே நேரத்தில் தம் பணத்தைக் கேட்டு ஓடிவரும், வங்கியில் நிகழ்வது போன்ற ஓட்டம் ஏன் வர வேண்டும்? முதலில், வைப்புத்தொகைக் காப்பீட்டை ஒத்த ஏற்பாட்டை அரசு இத்தொழிலுக்கு உருவாக்கியதே இது வங்கித் தன்மையுடையது என்பதற்குச் சான்று. அடுத்து, அந்தக் காப்பு பயணிக்குத்தான், விடுதிக்காரருக்கு இல்லை. நிறுவனம் விழுவதற்கு முந்தைய வார இறுதியில் துனிசியாவின் ஹம்மமெட் நகர விடுதி ஒன்று, பாக்கியைத் தராமல் போகக்கூடாது என்று விருந்தினரைத் தடுத்து நிறுத்தியது. ஓடியவர்கள் யார் என்பதை அந்த நிகழ்ச்சி காட்டுகிறது. மேலும், புதிதாக முன்பணம் கட்டாமல் ஒதுங்கும் பயணியும், வைப்பை எடுத்துக்கொண்டு போகும் வாடிக்கையாளரும் ரொக்க இருப்பில் ஏற்படுத்தும் விளைவு ஒன்றே.

கலைப்புக்குப் பின் நடந்தவை இவ்வாதத்துக்கு வலுச் சேர்க்கின்றன. ஜெர்மன் அரசின் 38 கோடி யூரோ இடைக்காலக் கடனில் குழுமத்தின் காண்டோர் விமான நிறுவனம் பிழைத்தது. தாமஸ் குக்கின் 555 கடைகளை ஹேஸ் டிராவல் நிறுவனம் எடுத்துக்கொண்டது. பெயரை ஃபோசுன் 1 கோடியே 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. இந்தியக் கிளை நிறுவனமோ 2012இலேயே, குழுமத்தின் கடனைக் குறைப்பதற்காக, பிரேம் வாட்ஸாவின் ஃபேர்ஃபாக்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தது. லண்டன் அலுவலகம் மூடிய நாளில் மும்பையில் அந்தக் கிளை வழக்கம்போல் பயணிகளிடம் முன்பணம் வாங்கிக்கொண்டிருந்தது.