கைப்பிரதியும் கற்பனை உரையாசிரியர்களும்

எழுதியவன் முகம் பார்த்து அவன் எழுத்தின் குறை கூறுவது எளிய செயலன்று. அச்சேறிய நூலைத் திறனாய்வோர் பலர். அச்சேறாத கைப்பிரதியைப் படித்து, எழுதியவனின் ஊக்கம் குன்றாதவாறு திருத்தம் சொல்லத் தெரிந்தோர் மிகச் சிலரே. அத்தகைய நிகழ்ச்சி ஒன்று 1929ஆம் ஆண்டின் இறுதியில் ஆக்ஸ்போர்டில் நடந்தது. மாணவர் கட்டுரைகளைத் திருத்துவதே அன்றாடப் பணியாகக் கொண்ட நம் ஆசிரியர்கள் அறிந்து சுவைக்கத்தக்கது அது.

ஜே. ஆர். ஆர். டோல்கீன் அப்போது ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலத்துக்குப் பேராசிரியர்; வயது 37. பிற்காலத்தில் அவருக்கு உலகப் புகழ் ஈட்டித் தந்த நூல்களில் ஒன்றும் அன்று வெளிவந்திருக்கவில்லை. 1925இல் தொடங்கிய நெடும்பாட்டு ஒன்றைத் தனிமையில் இயற்றி வந்தார். சாவுக்குரிய மனிதனாகிய பெரனும் சாவில்லாக் குலத்து இளவரசியாகிய லூதியெனும் கொண்ட காதலைப் பாடுவது அது. அடிக்கு எட்டு அசை, இரண்டிரண்டு அடிகளுக்கு இயைபு என்பது அதன் யாப்பு.

இப்பாட்டின் ஒரு பகுதியை 1926இல் தம் பழைய பள்ளி ஆசிரியர் ரெனால்ட்ஸுக்கு அனுப்பி வைத்தார் டோல்கீன். அரைமனப் பாராட்டே கிடைத்தது. அளவுக்கு மீறி நீண்டுவிட்டது என்பது ஆசிரியரின் கருத்து. அது சரியான கருத்தாகவே இருக்கலாம். ஆயினும் அதை எவ்வாறு சுருக்குவது என்று தெரியாமல் டோல்கீன் தம் நாட்குறிப்பில் மனம் சலித்து எழுதினார். குறை தெரிந்தது, வழி தெரியவில்லை.

அதே 1926இல்தான் மாடலின் கல்லூரி ஆசிரியர் சி. எஸ். லூயிஸின் நட்பு அவருக்கு வாய்த்தது. லூயிஸும் கவிஞரே. புனைபெயரில் அவர் வெளியிட்ட ‘டைமர்’ என்னும் நெடும்பாட்டு அவ்வாண்டில் வந்து, போதிய வரவேற்பின்றிப் போனது. இருவரையும் பிணைத்தது வடபுலத்துப் பழங்கதைகளின்மீது கொண்ட பெரும்பற்று. ஐஸ்லாந்து மொழிக் கதைகளை மூலத்திலேயே படிப்பதற்கென டோல்கீன் அமைத்த சிறு குழுவில் லூயிஸும் இருந்தார். 1929 இறுதியில் ஒரு திங்கட்கிழமை இரவு, லூயிஸின் கல்லூரி அறையில் வடநாட்டுத் தெய்வங்களைப் பற்றிய பேச்சு இரண்டரை மணிவரை நீண்டது. அக்காலத்தில்தான் டோல்கீன் தம் கைப்பிரதியை லூயிஸிடம் கொடுத்தார்.

டிசம்பர் 6ஆம் நாள் இரவு நெடுநேரம் விழித்திருந்து அதைப் படித்த லூயிஸ், மறுநாளே மடல் எழுதினார். இத்தகைய இன்பம் தந்த இரவு நெடுநாளாகத் தமக்கு வாய்க்கவில்லை என்றார். நண்பர் எழுதியது என்பதற்காக மகிழவில்லை, முன்பின் அறியாத ஒருவரின் நூலாகக் கடையில் கண்டெடுத்திருந்தாலும் இவ்வாறே மகிழ்ந்திருப்பேன் என்னும் கருத்தையும் சேர்த்தார். அடி அடியான குறைகள் பின்னர் வரும் என்ற அறிவிப்பும் அம்மடலில் இருந்தது. என் எண்ணத்தில், அடுத்து வந்தவற்றைத் தாங்கும் வலிமையை டோல்கீனுக்குத் தந்தது இம்மடலே.

பின்னர் வந்த குறிப்புரையோ விந்தையானது. பாட்டை நண்பர் எழுதியதாகவே லூயிஸ் கருதவில்லை. பழஞ்சுவடி ஒன்றிலிருந்து கிடைத்த தொன்னூலாகப் பாவித்தார். அதற்கு உரை கண்ட அறிஞர்களாகப் பீபாடி, ஷிக், பம்பர்நிக்கல் முதலியோரைக் கற்பித்தார். (பம்பர்நிக்கல் என்பது ஜெர்மானியரின் கறுப்பு ரொட்டி ஒன்றின் பெயர்!) இவ்வறிஞர்கள் தம்முள் மாறுபட்டு வாதிட்டனர், சில பகுதிகளை மனமாரப் போற்றினர். ஓர் அடி நலிந்திருந்தால், ஏடெழுதியவன் கெடுத்த பாடம் இது, மூலக்கவிஞன் இவ்வாறு பாடியிரான் என்றனர். லூயிஸ் தாமே புனைந்த மாற்றடிகளும் வேறு சுவடிகளில் காணும் பாடபேதங்களாக வந்து நின்றன.

பாடபேத ஆராய்ச்சியில் பழகிய நம்மவர்க்கு இந்த விளையாட்டின் நயம் உடனே விளங்கும். பழி முழுவதும் இல்லாத ஏடெழுதுவோன் தலையில் விழுந்தது. ஆனால் குறை ஒன்றும் மறைக்கப்படவில்லை. எந்த அடி, எந்தச் சொல், ஏன் பொருந்தவில்லை என்பன திட்டமாகச் சொல்லப்பட்டன. இதை வெறும் நயப்பேச்சு என்று ஒதுக்குவோர் அக்குறிப்புரையின் கடுமையை அறியாதவர். மேலும், பாடபேதம் என்று வைத்துவிட்டால் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்னும் உரிமை பதிப்பாசிரியன் கையில், அதாவது டோல்கீன் கையில், இருந்துவிடுகிறது.

அவ்வுரிமையை அவர் நன்கு பயன்படுத்தினார். லூயிஸ் குறை கண்ட அடிகளுள் மிகப் பெரும்பாலானவற்றைத் திருத்தத்துக்கெனக் குறியிட்டார். பலவற்றை மீண்டும் எழுதினார். சிலவிடங்களில் நண்பரின் மாற்றடிகள் அப்படியேயும், சற்று உருமாறியும் பாட்டில் இடம்பெற்றன. லூயிஸின் ஊக்கம் இல்லாதிருந்தால் ‘மோதிரங்களின் தலைவன்’ என்னும் பெருங்கதையை முடித்திருக்கவே முடியாது என்று முதுமையிலும் டோல்கீன் நன்றியுடன் எழுதினார்.

இப்பரிவு இருவழியிலும் ஒரே அளவில் ஓடியதெனச் சொல்வதற்கில்லை. 1949இல் லூயிஸ் தம் நார்னியா கதையைப் படித்துக் காட்டியபோது டோல்கீனுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதை அவர் மறைக்கவுமில்லை. அப்போது கற்பனை அறிஞர் எவரும் துணைக்கு வரவில்லை. லூயிஸ் மனம் நொந்தாலும் எழுதுவதை விடவில்லை; நூல் 1950இல் வெளிவந்தது.

நெடும்பாட்டோ நாலாயிரம் அடிகளைக் கடந்து 1931இல் நின்றுபோயிற்று. லூயிஸ் 1963இலும் டோல்கீன் 1973இலும் மறைந்தனர். 1985இல் டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர், முற்றுப்பெறாத அப்பாட்டை அச்சிட்டபோது, பீபாடியும் பம்பர்நிக்கலும் நிகழ்த்திய வாதங்களையும் பின்னிணைப்பாகச் சேர்த்து வெளியிட்டார்.