மாமல்லபுரம் ஓலக்கண்ணேசுவரர் கோயிலும் கலங்கரை விளக்கமும்

செங்கல்பட்டு மாவட்டம், மாமல்லபுரத்தில் மகிடாசுரமர்த்தினி குடைவரைக்கு மேலே பாறை உச்சியில் நிற்கும் சிறு கற்றளி ஓலக்கண்ணேசுவரர் கோயில். சுற்றுலா வருவோர் பலர் இதனைப் ‘பழைய கலங்கரை விளக்கம்’ என்றே அறிவர். உண்மையில் இது ஒரு சிவன் கோயில். விளக்கேற்றும் இடமானது பிற்காலத்தில்தான்.

அமைப்பு

மேற்கு நோக்கிய இக்கோயில், பாறையைக் குடைந்து செய்யப்படாமல், வெட்டியெடுத்த கருங்கற்களை அடுக்கிக் கட்டப்பட்டது. வாயிலின் இருபுறமும் துவாரபாலகர் உள்ளனர். சுவர்களில் தட்சிணாமூர்த்தி, ஆடும் சிவன், கயிலையைப் பெயர்க்கும் இராவணன் ஆகிய சிற்பங்களைக் காணலாம். கட்டட அமைதியைக் கொண்டு, இதனை கி.பி. 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து இராசசிம்ம பல்லவன் காலத்தது என்பர். மேலிருந்த விமானப் பகுதி அழிந்துவிட்டதால், இன்று தட்டையான கூரையே எஞ்சியுள்ளது.

ஊர்மக்களிடம் நாள்தோறும் ஓர் உழக்கு எண்ணெய் பெற்று விளக்கேற்றியதால் ‘உழக்கெண்ணெய் ஈசுவரர்’ எனப் பெயர் வந்து, பின் மருவியது என்பது வழங்கிவரும் பெயர்க் காரணம்.

கலங்கரை விளக்கமான வரலாறு

உயரமான பாறையும் தட்டையான கூரையும் ஆங்கிலேயர் ஆட்சியில் கப்பல்களுக்கு வழிகாட்டப் பயன்பட்டன. 1887இல் இங்கு விளக்கு அமைக்கப்பட்டது. பின்னர் அருகிலேயே வட்ட வடிவக் கருங்கல் கோபுரம் எழுப்பப்பட்டு, 1904இல் முழுப் பயன்பாட்டுக்கு வந்தது. சுமார் 26 மீட்டர் உயரமுள்ள அக்கோபுரம் இன்றும் செயல்படுகிறது. 2011 முதல் பொதுமக்களும் மேலேறிப் பார்க்கலாம்.

ஒரு கருத்துப் பிழை

மகேந்திர பல்லவன் கி.பி. 640இல் கட்டிய கலங்கரை விளக்கமே இக்கோயில் என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. இது பொருந்தாது. முதலாம் மகேந்திரவர்மனின் ஆட்சி கி.பி. 630 அளவிலேயே முடிந்துவிட்டது. கோயிலின் கட்டட அமைதியும் அவனுக்குப் பிற்பட்டது.

இக்கடற்கரைக்குக் கலங்கரை விளக்கம் புதிதன்று என்பது வேறு செய்தி. பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்றுத் துறையில் ஏணி சாத்திய உயர்ந்த மாடத்தில் இரவில் தீ மூட்டிக் கலங்களை அழைத்ததைக் கூறுகிறது. அத்துறையை மாமல்லபுரம் எனக் கருதுவோரும் உளர். ஆயினும் அந்த மாடம் வேறு, இக்கற்றளி வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் சங்க காலத் துறையின் பழமையும் தெளிவுபடாது. பல்லவரின் கோயிலும் மறைந்துபோகும்.

மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், கோபுரத்தில் ஏறும் முன் கோயிலின் தென்சுவரில் உள்ள தட்சிணாமூர்த்தியை முதலில் காட்டுவது நல்லது. இது யாருடைய இல்லம் என்பதை அச்சிற்பமே சொல்லிவிடும்.