கிழக்கு வங்கம் பிரிந்தமைக்குக் காரணம் யாது?

1947-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தோன்றிய பாகிஸ்தான், 24 ஆண்டுகளில் இரண்டாகப் பிரிந்தது. இதற்குக் காரணம் கூறுவாருள் சிலர், இரு பகுதிகளுக்கும் இடையே ஆயிரம் மைல் இந்திய நிலம் கிடந்தமையைச் சுட்டுவர். வேறு சிலர் மொழிப் பூசலையே முதன்மையாகக் கொள்வர். இவ்விரண்டும் ஒதுக்கத்தக்கன அல்ல. எனினும், இவையே பிரிவினை விளைத்தன என்னும் கொள்கை நிகழ்ச்சிகளோடு முற்றும் பொருந்துமாறில்லை.

நிலத்தொலைவு தொடக்கம் முதலே இருந்தது. அதனை அறிந்தும் வங்க முஸ்லிம்கள் 1946-ஆம் ஆண்டுத் தேர்தலில் முஸ்லிம் லீகினைப் பெருவாரியாக ஆதரித்தனர். அக்கட்சி 1906-இல் தோன்றிய இடமும் டாக்கா நகரே. 1940-இல் இலாகூர்த் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் பஸ்லுல் ஹக் என்னும் வங்கத் தலைவரே. எனவே கிழக்கு வங்கம் அந்நாட்டைப் படைத்த பகுதிகளுள் ஒன்று என்பது தெளிவு.

இனி, மொழியை நோக்குவோம். 1948 பிப்ரவரியில் தீரேந்திரநாத் தத்தர் அரசியல் நிர்ணய சபையில் வங்கமொழிக்கு இடம் வேண்டினார், அது மறுக்கப்பட்டது. உருது ஒன்றே ஆட்சிமொழி என ஜின்னா மறுதிங்களில் டாக்காவில் உரைத்தார். 1952 பிப்ரவரி 21-இல் மொழியுரிமை வேண்டிய மாணவர்கள் சுடப்பட்டு இறந்தனர். ஆயினும் 1956-ஆம் ஆண்டு அரசியலமைப்பு வங்கமொழியையும் ஆட்சிமொழி ஆக்கிற்று. மொழியே முழுக் காரணமாயின், பூசல் அவ்வாண்டோடு தணிந்திருத்தல் வேண்டும். தணியாமை ஏன் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

மொழியுரிமை தந்த அரசு ஆட்சிப் பங்கினைத் தந்திலது. 1954-ஆம் ஆண்டு மாநிலத் தேர்தலில் ஐக்கிய முன்னணி பெருவெற்றி பெற்றது. ஹக் அமைத்த அமைச்சரவையோ இரு திங்கள் நிறையுமுன் நடுவணரசால் நீக்கப்பட்டது. இலாகூர்த் தீர்மானத்தை மொழிந்தவரே துரோகி எனப்பட்டார். 1955-இல் மேற்கு மாநிலங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வாழ்ந்த கிழக்கிற்கு 1956-ஆம் ஆண்டு அரசியலமைப்பு வகுத்தவை 300 இடங்களுள் 150 மட்டுமே. அவற்றிற்குரிய தேர்தலும் நடைபெறாவண்ணம் 1958 அக்டோபரில் இராணுவச் சட்டம் வந்தது.

1966-இல் ஷேக் முஜிபுர் ரகுமான் வெளியிட்ட ஆறு அம்சத் திட்டமும் பாகிஸ்தானுக்குள் கூட்டாட்சியையே வேண்டிற்று. 1970 டிசம்பரில் முதன்முறையாக நாடு முழுவதற்கும் நேர்முகப் பொதுத்தேர்தல் நிகழ்ந்தது. கிழக்கின் 162 பொது இடங்களுள் அவாமி லீக் 160 பெற்றது. மகளிர்க்குரிய இடங்களையும் சேர்த்து 313-இல் 167 பெற்றுத் தனிப் பெரும்பான்மை எய்திற்று. மேற்கில் அதற்கு ஓரிடமும் இல்லை என்பதும் கருதத்தக்கது. ஆயினும் சட்டப்படி ஆட்சி அதற்கே உரியது. 1971 மார்ச்சு 3-இல் கூடவிருந்த பேரவையை, இரு நாள் முன்னர் யாஹ்யா கான் ஒத்திவைத்தார். மார்ச்சு 25 இரவு டாக்காவில் படை ஏவப்பட்டது. டிசம்பர் 16-இல் அப்படை அந்நகரிலேயே சரணடைந்தது. இந்தியப் படையின் வரவு அம்முடிவை விரைவுபடுத்திற்று. பிளவோ மார்ச்சிலேயே நேர்ந்துவிட்டது.

தேர்தலில் தோற்றோர் அடுத்த தேர்தலுக்குக் காத்திருப்பர். வென்றும் ஆட்சி பெறாதார் எதற்குக் காத்திருப்பர்? தொலைவும் மொழியும் வேற்றுமையை உணர்த்தின. அவ்வேற்றுமையைப் பிரிவினையாக மாற்றியது ஆட்சியிற் பங்கு மறுக்கப்பட்டமையே என்பது இதனாற் பெறப்படும்.