புள்ளியும் நீதியும்

பரீட்சைப் புள்ளியை நீதியின் துலாக்கோலாக நம்பி வாழ்ந்தது யாழ்ப்பாணச் சமூகம். ஆறில்லாத குடாநாட்டில் கல்வியே விளைநிலமாயிற்று. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியில் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையுமே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள். பின்னர் இலண்டன், கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் வந்தன. தேறியவருக்கு உத்தியோகக் கதவு திறந்தது.

ஆனால், அத்துலாக்கோல் என்றேனும் நடுநிலையில் நின்றதா? ஆங்கிலம் கற்கும் வசதியுள்ளோரே அப்பரீட்சைகளை அணுகினர். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளோ வகுப்பறையில் சரியாசனம் பெறுவதற்கே 1920களின் இறுதியில் போராட வேண்டியிருந்தது. வாங்கிலே இடம் மறுக்கப்பட்டவனுக்குப் பரீட்சை மண்டபத்தில் ஏது சமத்துவம்?

1960களில் உயர்கல்வியில் தாய்மொழி இடம்பெற்றது. பரீட்சைக்குத் தோற்றுவோர் தொகை பெருகிற்று; பல்கலைக்கழக இடங்கள் அதற்கேற்பப் பெருகவில்லை. 1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசாங்கம் இதற்குக் கண்ட பரிகாரமே தரப்படுத்தல். 1971ஆம் ஆண்டு அனுமதியில், மருத்துவ பீடம் புகத் தமிழ்மொழி மூலம் எழுதியவருக்கு 250 புள்ளி வேண்டியிருந்தது; சிங்களமொழி மூலம் எழுதியவருக்கு 229 போதுமாயிருந்தது. பேராதனைப் பொறியியற் பீடத்துக்கு அவை முறையே 250, 227. இடதுசாரிக் கட்சிகளும் அவ்வரசாங்கத்தின் பங்காளிகளாயிருந்தன என்பதை நாம் மறைத்தலாகாது.

1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது. யாழ்ப்பாணத்துக்குரிய இடங்கள் மேலும் சுருங்கின. எனினும், மன்னார், வவுனியா போன்ற பின்தங்கிய மாவட்டத்து மாணவர்க்கு அதனால் வழி பிறந்ததும் உண்மையே. ஆய்வுகூடம் காணாத கிராமப் பாடசாலை மாணவனையும் யாழ் நகரக் கல்லூரி மாணவனையும் ஒரே புள்ளியால் அளப்பது நீதியன்று. ஆகவே இவ்விரு முறைகளையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. மாவட்டப் பங்கீட்டில் பின்தங்கியோர்க்குக் கைகொடுக்கும் நியாயம் ஒன்றிருந்தது. மொழிவழித் தரப்படுத்தலில் இனபேதமே இருந்தது. 1977இன் பின் மொழிவழி முறை கைவிடப்பட்டது; ஆனால், அது இளைஞர் நெஞ்சில் மூட்டிய தீ அணையவில்லை. அத்தீ போராக மூண்ட கதையை நாடறியும்.

இங்கே நாம் சிந்திக்கவேண்டியது ஒன்றுண்டு. தரப்படுத்தல் வந்த அதே 1971இன் ஏப்ரலில், கற்றும் தொழிலற்றிருந்த தென்னிலங்கை இளைஞர் ஆயுதமேந்தி எழுந்தனர், ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். வடக்கிலும் தெற்கிலும் இளைஞரை வாட்டிய நோய் ஒன்றே: கற்றவர் பலர், இடமும் தொழிலும் சில. இருக்கும் சோற்றை எப்படிப் பங்கிடுவதென்று சண்டையிட வைத்தவர்கள், உலை ஏன் சிறிதாயிருக்கிறதென்று எவரும் கேளாதபடி பார்த்துக்கொண்டனர்.

இன்று, 2001இல் நடைமுறைக்கு வந்த இசெட் புள்ளி ஆட்சி செய்கிறது. 2011ஆம் ஆண்டுப் பெறுபேறுகளில் பழைய, புதிய பாடத்திட்டங்களைக் கலந்து அதனைக் கணித்த முறை உயர்நீதிமன்றம்வரை சென்று, 2012இல் தள்ளப்பட்டது. கணக்கு நுட்பமாயிற்று, வாசல் அகலவில்லை. தகுதி பெற்றோரில் பெரும்பாலார் இன்றும் வெளியே நிற்கின்றனர்.

ஆசிரியர்களாகிய நாம் மாணவனுக்குப் புள்ளி பெறும் வழியைக் கற்பிக்கிறோம். அப்புள்ளியின் வரலாற்றையும் கற்பிப்போம். தோற்றவன் தகுதியற்றவனல்லன் என்பதை அவன் அறியட்டும். வாசலை அகலத் திறக்கக் கோரும் குரலில் தன் குரலையும் சேர்க்கட்டும்.